எண்ணூரில் எண்ணெய்க்கு நிவாரணம் கிடைத்தது, சாம்பலுக்கு ஏன் இல்லை?

அடையாறுக்காரன்:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது ரெண்டு நாள் உதவிக்குப் போயிருந்தேன். படகில் கூட்டிப்போன அண்ணன், "எண்ணெய் கண்ணுக்குத் தெரியுது, வந்துட்டீங்க. அடியில கிடக்குற சாம்பலுக்கு யாரு வர்றா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. எண்ணெய்க்கு அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது, அதில் தொழில் பாதித்த 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, பழுதுபார்க்க 787 படகுகளுக்குத் தலா 10,000. வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து மிஞ்சும் சாம்பலுக்கும் இப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால் ஏன் இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பங்கழி:
நிவாரணம் கொடுக்க ஒரு தேதி வேண்டும் தம்பி. எண்ணெய்க்குத் தேதி இருந்தது. சாம்பலுக்கு எந்தத் தேதியைப் போடுவது? அந்த அனல்மின் நிலையத்தில் 1994இலிருந்து நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரி நூறு கிலோ எரித்தால் 30, 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, உப்பங்கழிக்கு மேலே போகும் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் துருப்பிடித்து ஒழுகும், ஒட்டுப்போடுவார்கள், இன்னொரு இடத்தில் ஒழுகும், ஒழுகியதெல்லாம் ஆற்றின் அடியில் படியும். சாம்பலில் பாதரசம், ஈயம், ஆர்சனிக் எல்லாம் இருக்கிறது, ஆனால் அது யாரையும் ஒரே நாளில் கொல்வதில்லை என்பதால் செய்தியாவதும் இல்லை. மீன் குறைந்துவிட்டது என்று கேட்டால் மணலி ஆலைக் கழிவு, துறைமுகத்துக்காகத் தோண்டியது, நகரத்துச் சாக்கடை என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டலாம். இத்தனை பேர் சேர்ந்து கெடுத்த ஆற்றில் யாருடைய பங்கு எவ்வளவு என்று நிரூபிக்கும் வேலை கடைசியில் மீன் பிடிப்பவர் தலையில் விழுகிறது. தினமும் வலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற ஆள் எத்தனை வருடம் வழக்குக்கு அலைவார்?

வலைக்காரி:
நான் அந்தப் பக்கத்துக் குப்பம்தான். எங்க அப்பா காலத்தில் ஆளை முழுக்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கிப் படகைத் தள்ளுகிறோம். கால் வைத்தால் சேறு மாதிரி இருக்காது, சிமெண்ட் குழைத்தது மாதிரி பிடித்துக்கொள்ளும். பாடு என்று ஊரார் முறை வைத்து மீன் பிடிப்போம், எங்கள் முறை வந்து வலை போட்டால் ஒருநாள் கொஞ்சம் இறால், ஒருநாள் டீசல் காசுகூட வராது. எண்ணெய்க்குக் கொடுத்த பணம் வாங்கிய கடனுக்கே போய்விட்டது, அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குத் திரும்ப வேண்டியது ஆறு. வேறு ஊருக்குப் போங்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். இந்த ஆற்றில் எந்த இடத்தில் எப்போது மீன் வரும் என்பதுதான் எங்கள் படிப்பு, அதை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பது?

உப்பங்கழி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக் கூடையில் போடுகிற இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. படகுக் கணக்கில் எந்த நிவாரணம் வந்தாலும் அவர்களுக்குச் சேராது. ஆனால் சாம்பல் சேற்றில் மணிக்கணக்கில் நிற்பது அவர்கள் உடம்புதான்.

அடையாறுக்காரன்:
இருளர் பெண்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்த மின்சாரத்தில்தான் என் வீட்டு விசிறியும் ஓடுகிறது, சாம்பல் மட்டும் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. அக்கா, சில நண்பர்களோடு ஞாயிறு வரலாமா? நேரில் பார்த்துப் படம் எடுத்து, தேதி போட்டு எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

வலைக்காரி:
வாங்க தம்பி. ஆனால் தண்ணீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாங்க, அப்போதுதான் சாம்பல் மேடு வெளியே தெரியும்.