மறு: 'கேம்பெய்ன் செட்டிங்' தமிழ்ல என்ன? ('பிரச்சார அமைப்பு' வேண்டவே வேண்டாம்)

> கேம்பெய்ன் – பிரச்சாரம். செட்டிங் – அமைப்பு. ஆகவே 'பிரச்சார அமைப்பு'. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும், இல்லையேல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

வெள்ளிக்கிழமை தாண்டிருச்சு, மன்னிக்கணும், ஆபீஸ்ல ரிலீஸ் வாரம். ஆனா நம்ம டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையில உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமா டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு) மொழிபெயர்ப்புக் கலைச்சொல் பட்டியல்ல இத மட்டும் ஏத்திடாதீங்க. நேத்து ராத்திரி எங்க ஆட்டக் குழுவுல இந்தச் சொல்ல வாசிச்சுக் காமிச்சேன், வந்த முதல் கேள்வியே "எந்தக் கட்சிக்கு?"

கேம்பெய்ன்ங்கிறது இங்க ஓட்டு கேக்குற சமாச்சாரம் இல்லீங்க, அது போர்லேர்ந்து வந்தது. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் சேர்ந்து டி அண்ட் டிய கொண்டு வந்தப்போ, பேப்பரும் பென்சிலும் பொம்மைப் படையும் வெச்சு ஆடுற போர் விளையாட்டுக் கேம்பெய்ன்களுக்கான விதிகள்னுதான் அட்டையிலயே போட்டாங்க, அதாவது ஒரே சண்டையோட முடிஞ்சு போகாம வாரா வாரம் விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற ஆட்டம். அதுக்குத்தான் நாம ஏற்கனவே 'ஆட்டத்தொடர்'னு முடிவு பண்ணிட்டோமே, அப்புறம் இங்க மட்டும் பிரச்சாரம் எங்கேர்ந்து வந்து குதிச்சுது? செட்டிங்னா அந்த ஆட்டம் நடக்குற கற்பனை இடம், அதுக்கு 'அமைப்பு'ங்கிறது இன்னும் மோசம். போனத் தமிழ்ல வெச்சிருக்கறவங்க 'அமைப்புகள்'ன்னா பிரைட்னஸ் குறைக்கிற இடம்னு நெனைப்பாங்க, மத்தவங்க சங்கம், மன்றம், கட்சின்னு நெனைப்பாங்க.

அக்கா அனுப்பின மூணு சொல்லும் இதவிட எவ்வளவோ தேவலை. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு முள்ளு இருக்கு.

'பின்னணி' நல்ல சொல்லுதான், ஆனா அது ஏற்கனவே வித்துப்போச்சு. அஞ்சாம் பதிப்புல ஒரு கதாபாத்திரம் உருவாக்கும்போது இனம், வகுப்பு, அப்புறம் பேக்கிரவுண்டுன்னு ஒண்ணு எடுக்கணும், இவன் முன்னாடி சிப்பாயா, கோயில்ல ஊழியம் பண்ணவனான்னு. 2023 ஜனவரியில 5.1 விதித்தொகுப்ப கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டதாலதானே நாம இந்த மொழிபெயர்ப்பையே ஆரம்பிச்சோம், அதுலயும் இந்த அர்த்தத்துல 'பின்னணி' வருது. ரெண்டுக்கும் ஒரே சொல்ல வெச்சா படிக்கிறவன் தலை சுத்தும்.

'புனைவுலகு' கேக்க அழகா இருக்கு, நானும் ரெண்டு நாள் அதையே சொல்லிப் பாத்தேன். ஆனா எல்லா செட்டிங்கும் உலகம் இல்ல. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற செட்டிங்க எடுங்க, உலகத்துக்குப் பேரு டோரில், பெரும்பாலான கதை நடக்குறது அதுல ஃபேய்ரூன்ங்கிற ஒரு கண்டத்துல. பிளேன்ஸ்கேப்ல பல உலகங்களுக்கு நடுவுல சிகில்னு ஒரு ஊரு, ஊரு பூரா கதவு, எந்தக் கதவு எங்க திறக்கும்னு தெரியாது. ரேவன்லாஃப்ட் முழு உலகம்கூட கிடையாது, மூடுபனிக்குள்ள சிக்கின துண்டு துண்டு நாடுங்க. இதையெல்லாம் 'உலகு'ன்னு சொன்னா நாளைக்கு 'வேர்ல்டு'க்கு என்ன சொல்லுவோம்?

'கதைக்களம்' சினிமா விமர்சனத்துல தேஞ்சு போச்சு, "மதுரையை கதைக்களமாகக் கொண்டு"ன்னு எத்தன தடவ படிச்சிருப்போம். போதாததுக்கு கட்டம் போட்ட பேட்டில் மேப்புக்கு 'களம்'னு எடுத்து வெச்சிருக்கோம்.

இப்ப எங்க குழு கதைய கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்தச் சொல்லு என்ன வேலை செய்யணும்னு எனக்குப் புரிஞ்சதே அங்கதான். 2014-ல புது ஆட்டக்காரங்களுக்குன்னு வந்த ஸ்டார்ட்டர் பெட்டியில இருக்குற ஃபாண்டெல்வர்ங்கிற சாகசக் கதைய ஆரம்பிக்கலாம்னு உக்காந்தோம். பாதிப் பேரு அத ஏற்கனவே ஆடினவங்க, அதனால அதையே தூக்கி டார்க் சன்ங்கிற வேற செட்டிங்ல வெச்சுப் பாப்போமேன்னு தோணுச்சு. டார்க் சன் தெரியாதவங்களுக்காக: 1991-ல வந்தது, டிமதி பிரவுன், டிராய் டென்னிங் எழுத்து, பிராமோட படங்கள். ஆத்தாஸ்ங்கிற காஞ்ச உலகம். அங்க மந்திரம் போடுறவன் செடிகொடியோட உயிர உறிஞ்சித்தான் போடுவான், பாத்துப் பதமாப் போடலேன்னா அந்த இடம் சாம்பலாயிரும், இப்படிப் போட்டுப் போட்டுத்தான் நாடே பாலைவனம் ஆச்சு. கடவுள் கிடையாது. இரும்பு அவ்வளவு அரிது, அதனால கத்தி எலும்புல, காசு சுட்ட மண்ணுல, சில்லறை வேணும்னா காச உடைச்சுக் குடுப்பாங்க. (உடைச்சுத்தான். "சில்லறை இல்ல, மிட்டாய் வாங்கிக்க"ங்கிற பேச்சுக்கே எடமில்ல.)

சாகசத்தோட மூலத்துல முதல் காட்சி என்னன்னா ஒரு மாட்டு வண்டிக்குக் காவலாப் போறோம், வழியில ரெண்டு குதிரை செத்துக் கெடக்கு, உடம்புல கருப்பு இறகு அம்பு, புதருக்குள்ள காப்ளின்ங்கிற குட்டிப் பூதங்க. ஆத்தாஸ்ல குதிரையும் கிடையாது காப்ளினும் கிடையாது, புதருன்னு சொல்லிக்கவே யோசிக்கணும். நான் குதிரைக்குப் பதிலா கேங்க்னு அங்க ஓட்டுற பெரிய பூச்சிய படுக்க வெச்சேன், காப்ளினுக்குப் பதிலா கொள்ளையடிக்கிற எல்ஃப் (கூர்க்காது இனம்) கூட்டம், அந்த ஊரு எல்ஃபுங்க எதுமேலயும் ஏற மாட்டாங்க, மணல்ல ஓடியே வருவாங்க. வண்டியில மளிகைச் சாமானுக்குப் பதிலா நாலு பீப்பாய் தண்ணி. அவ்வளவுதான் மாத்தினது.

சண்டை ஆரம்பிச்சு ரெண்டாவது சுத்துல எல்ஃப் விட்ட அம்பு குறி தப்புச்சு, நான் சும்மா ஒரு அழகுக்காக "பீப்பாய்ல குத்தி நிக்குது, தண்ணி ஒழுகுது"ன்னுட்டேன். அடுத்த டர்ன் எங்க கிளாடியேட்டர் பையனோடது. எப்பவும் மூச்சு விடாம "அடிக்கிறேன்"னு டைஸ உருட்டுறவன், டைஸையே தொடல. "ஓடிப்போய் ஓட்டைய உள்ளங்கையால அடைக்கிறேன்"னான். அடுத்த மூணு சுத்தும் அங்கயே நின்னான், முதுகுல ரெண்டு அம்பு வாங்கினான், கைய எடுக்கல. டார்க் சன் விதிப்படி வெயில்ல வேலை செய்ற ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 3.8 லிட்டர் தண்ணி வேணும், அத அவன் ஒருத்தன்தான் படிச்சு வெச்சிருந்தான் போல.

ரெல்ம்ஸ்ல அதே அம்பு அதே பீப்பாய்ல பட்டிருந்தா எவனும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான். செட்டிங்னா இதுதாங்க. கதைக்குப் பின்னால தொங்குற படுதா இல்ல, ஆடுறவன் அடுத்து என்ன செய்வான்னு முடிவு பண்ற மண்ணு. ஐயா 'திணை'ன்னு எழுதினப்போ நான் துள்ளிக் குதிச்சதும் இதுக்குத்தான். நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள், அங்க நடக்குற ஒழுக்கம் உரிப்பொருள். ஒரு செட்டிங்க நம்ம மேசைக்கு மாத்திக்கும்போது இதவிட நல்ல செக்லிஸ்ட் எங்கயும் நான் பாக்கல. கருப்பொருள எவ்வளவு வேணா மாத்துங்க, கேங்க்க ஒட்டகமாக்குங்க, ஊர்ப்பேர மாத்துங்க, ஒண்ணும் ஆகாது. ஆத்தாஸ்ல மழை பெஞ்சு ஆத்துல தண்ணி ஓடுச்சுன்னு வெச்சீங்கன்னா உரிப்பொருள் போச்சு, அப்புறம் அது டார்க் சன் இல்ல. முல்லையும் குறிஞ்சியும் திரிஞ்சு பாலையாகும்னு சிலப்பதிகாரத்துல வருதே, அமெரிக்காக்காரன் அத மந்திரவாதி தலையில கட்டிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் திணைய கலைச்சொல்லா எடுத்துக்க எனக்குத் தயக்கம். இலக்கணத்துல உயர்திணை அஃறிணைன்னு ஏற்கனவே ஒரு வேலை பாக்குது. அதவிட முக்கியமா, ரேஞ்சர் (காடு மலை சுத்துற வீரன்) வகுப்புக்கு 'பிடிச்ச நிலவகை'ன்னு ஒரு திறன் இருக்கு, மலை, காடு, கடற்கரை, பாலைன்னு ஒண்ண தேர்ந்தெடுக்கணும். அந்த டெரெய்னுக்கு திணையவிடப் பொருத்தமான சொல்லு உலகத்துல கிடையாது, அங்க விட்டுடுவோம்.

சரி, என் சொல்லு: புனைநிலம்.

வினைத்தொகை. பள்ளிக்கூடத்துல ஊறுகாய் சொல்லிக் குடுத்தாங்களே, ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், அதே கணக்கு. புனைந்த நிலம், புனைகின்ற நிலம், புனையும் நிலம். மூணும் இந்த விளையாட்டுல நெசமாவே நடக்குது, அதனாலதான் சொல்றேன், சந்தத்துக்காக இல்ல. எட் கிரீன்வுட் சின்னப் பையனா இருந்தப்பவே ரெல்ம்ஸ் கதைங்கள எழுத ஆரம்பிச்சிட்டாரு, 1987-ல அது பெட்டியா கடைக்கு வந்துச்சு, அது புனைந்தது. ஆனா அதுலயே செம்பியான்னு ஒரு நாட்ட (சோழனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல) டிஎம்முங்க (ஆட்டத்த நடத்துறவங்க) அவங்கவங்க இஷ்டத்துக்கு நிரப்பிக்கட்டும்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, அது புனையும் நிலம். எபெரான்ங்கிற இன்னொரு செட்டிங்ல ஒரு நாடே ஒரே நாள்ல அழிஞ்சு போகுது, ஏன்னு புத்தகத்துல பதில் கிடையாது, அத உருவாக்கின கீத் பேக்கர் வேணும்னேதான் விட்டு வெச்சிருக்காரு, உங்க மேசையில நீங்க முடிவு பண்ணிக்குங்கன்னு. குளோராந்தாங்கிற வேறொரு ஆட்ட உலகத்துல ஆடுற ஆளுங்ககிட்ட ஒரு வழக்கு உண்டு, உன் குளோராந்தா வேற மாதிரி இருக்கும்னு, புத்தகத்துல உள்ளதும் மேசையில உள்ளதும் ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்லைங்கிற அர்த்தத்துல. பீப்பாய்ல ஓட்டை விழுந்த நிமிஷத்துல எங்க ஆத்தாஸும் வேற ஆத்தாஸ் ஆயிருச்சு, அது புனைகின்றது.

கூட்டுச்சொல்லா வருதான்னும் பாத்துட்டேன். புனைநில நூல், பதிப்புப் புனைநிலம், புனைநிலம் சாரா விதிகள், எல்லாம் நாக்குல ஒட்டுது. 'ஹோம்ப்ரூ'வுக்கு (ஆடுறவங்க சொந்தமா உருவாக்கிக்கிறது) 'வீட்டு வடிப்பு'ன்னு யாரோ போட்டிருந்தீங்க, சிரிச்சு முடியல. அதுக்கு நம்மகிட்டயே சொல்லு இருக்கே, *சொந்தச் சரக்கு*. ஆங்கிலத்துல சாராய வாசனை இருக்கா, இதுலயும் இருக்கு.

வேற உலகத்து சாகசத்த எடுத்து நம்ம புனைநிலத்துல வைக்கிறதுக்கு 'தழுவல்'னா சினிமா ஆயிடும். நாத்தப் பறிச்சு வேற வயல்ல நடுறதுதானே, 'நடவு'ன்னா போதாதா? ஃபாண்டெல்வர ஆத்தாஸ்ல நட்டோம். இது மேல எனக்குப் பிடிவாதம் இல்ல.

-----

> சரி, என் சொல்லு: புனைநிலம்.

தம்பி, மடல் முழுசும் படிச்சேன், பீப்பாய் கதை அருமை. ஆனா புனைநிலம்னு வேகமா சொல்லிப் பாரு, புன்செய் நிலம் மாதிரி கேக்குது. என் வீட்டுக்காரர் காதுல விழுந்து "யாரு நிலம் விக்கிறா?"ன்னு கேட்டாரு. அதுவும் இல்லாம விண்கப்பல்ல நடக்குற ஆட்டமெல்லாம் இருக்கே, அங்க நிலம் எங்க இருக்கு? நீ உலகத்த மறுத்த அதே காரணம் உன் சொல்லுக்கும் பொருந்துதே. நான் இன்னும் புனைவுலகு பக்கம்தான், ஆனா தோத்தா வருத்தமில்ல. நடவு சூப்பர். அதுக்கு என் ஓட்டு.

-----

அன்புடையீர்,

அம்மையார் எழுப்பிய ஐயம் நியாயமானதே. எனினும் 'நிலம்' என்பது மண்ணை மட்டும் குறிப்பதன்று. நெய்தல் நிலத்தில் கடலும் அடங்கும், அங்கே பரதவர் தொழில் நீர்மேல்தான். ஆகவே விண்கப்பலும் ஒரு நிலமாகலாம். 'திணை' தள்ளப்பட்டதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு, ஆனால் நிலவகைக்கு அதனை வைத்தது பொருத்தம், ஏற்கிறேன்.

ஒரு குறிப்பு. களம் வேண்டும் என்போர் சென்ற மடல்களில் 'புனைக்களம்' என எழுதியிருந்தனர். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, 'புனைகளம்' என்பதே சரி. புனைநிலத்தில் அந்தத் தொல்லையே இல்லை என்பதும் அதற்கு ஒரு வாக்கு.

-----

ஐயா, நெய்தல் எனக்குத் தோணவே இல்ல, நன்றி. அக்கா, புன்செய் விஷயம் உண்மைதான், எங்க குழுவுலயும் ஒருத்தன் "பட்டா இருக்கா?"ன்னு கேட்டான். ஆனா கட்சி எதுன்னு கேட்டதுக்கு இது பரவாயில்ல.

ஷீட்ல பிரச்சார அமைப்ப எடுத்துட்டு புனைநிலம்னு போட்டிருக்கேன், புனைவுலகு 'வேர்ல்டு' வரிக்குப் போயிருச்சு, அக்கா சம்மதிச்சா பச்சை அடிச்சிடறேன். டெரெய்ன் – திணை, நிறம் மாத்தியாச்சு. நடவு மட்டும் மஞ்சள்ல இருக்கு, ஏன்னா சாகசத்த நடுறதுக்கும் விதிகள மட்டும் எடுத்து ஒட்டுறதுக்கும் ஒரே சொல்லா வேற வேறயான்னு இன்னும் பேசல. ஞாயித்துக்கிழமை எங்க ஆட்டம் இருக்கு, பையன் முதுகுல இன்னும் ரெண்டு அம்பு இருக்கு, அதுக்கப்புறம் எழுதுறேன்.