புருவத்தில் விழுந்த பிறை: ஸ்கோப் வாங்கும் முன் ஒரு அனுபவம்

கனடாவின் ஆல்பர்ட்டாவில் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் சிலர் முதல் ஸ்கோப் (குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) வாங்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் என் வலது புருவத்தில் இருக்கும் தழும்பின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

.22 ரைஃபிளில் இரண்டு வருடம் ஒரு 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) வைத்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. பலமாக உதைக்கும் .30-06 ரைஃபிள் வாங்கியதும் அதையே கழற்றி இதில் மாட்டினேன். .22 உதைப்பது தோளுக்கே தெரியாது. அதனால் ஸ்கோப் கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) புதுத் துப்பாக்கியை மேசையில் வைத்துச் சுட்டபோதும் தப்பித்தேன்.

நவம்பரில் ஒரு சரிவின் அடியில் குப்புறப் படுத்து, மேல்நோக்கிக் குறிபார்த்தேன். படுத்தாலே தலை தானாக முன்னால் போகும். மேட்டைப் பார்த்துச் சுட்டால் இன்னும் முன்னால். பெரிதாகத் தெரியட்டும் என்று 9க்குத் திருப்பியிருந்தேன். ஓரத்தில் கறுப்பு நிழல் கட்டியது. முகத்தை நெருக்கினேன், படம் முழுசாக வந்தது. சுட்டேன். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை மாதிரி இறங்கியது. நான்கு தையல். மான் மேல் குண்டு படவில்லை என்று நண்பர் அரை மணி நேரம் தேடிப் பார்த்து உறுதி செய்தார். காயத்தைவிட, மான் அடிபட்டு ஓடியிருக்குமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

ஐ ரிலீஃப் என்பது, கண் பக்கத்து லென்ஸிலிருந்து படம் ஓரம் கறுக்காமல் முழுதாகத் தெரிகிற இடம் வரை உள்ள தூரம். ரைஃபிள் ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 3 முதல் 4 அங்குலம். பல ஸ்கோப்புகளில் பெருக்கத்தைக் கூட்டினால் இந்தத் தூரம் குறையும். பெட்டியில் ஐ ரிலீஃபுக்கு இரண்டு எண் போட்டிருந்தால் சின்ன எண்ணைத்தான் நம்ப வேண்டும். உதைக்கிற துப்பாக்கிக்கு அந்தச் சின்ன எண்ணே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கட்டும் என்பேன். இன்னொன்று: 40 மி.மீ. லென்ஸை 3ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 13 மி.மீ., 9ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. தலை கொஞ்சம் நகர்ந்தாலும் 3இல் மன்னிக்கும், 9இல் மன்னிக்காது.

இப்போது மாட்டும் முறை வேறு. துப்பாக்கி காலி என்று பார்த்து, போல்ட்டை (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) கழற்றி வைப்பேன். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங் திருகுகளைத் தளர்வாக விட்டு, பெருக்கத்தை 9இல் வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னம் பதிந்த பிறகு திறப்பேன். கழுத்தை நீட்டாமல் முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்துவேன். நின்று, உட்கார்ந்து, படுத்து, மூன்றிலும் பார்த்துவிட்டுத்தான் திருகுவேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

—

தம்பி, நீர் சொன்னது சரி. ஒன்ராறியோவில எனக்கு உடுப்புதான் பிரச்சினை குடுத்தது. செப்டம்பரில மெல்லிய சட்டையோட நின்டு ஸ்கோப்பைப் பூட்டினனான். நவம்பர் குளிருக்குத் தடிச்ச ஜாக்கெட் போட்டாப் பிறகு, துவக்குக் கட்டை தோளில இருந்து முன்னுக்குத் தள்ளுப்பட்டு, கண் பின்னுக்குப் போட்டுது. நடுவில சின்ன வட்டம், சுத்திவர ஒரே கறுப்பு. கழுத்தை நீட்டிப் படம் பிடிக்கிறதுக்குள்ள மான் பத்தைக்குள்ள போட்டுது. இப்ப கடைக்கும் அந்த ஜாக்கெட்டோடதான் போறனான்.

—

அண்ணா, நான் துப்பாக்கி பிடித்ததில்லை. வேடந்தாங்கலில் பறவை பார்ப்பவன். ஆனால் இதே ஐ ரிலீஃப் எண்ணில்தான் நானும் ஏமாந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் நத்தைக்குத்தி நாரை ஏதோ குழாய்க்குள் நிற்பது போலத் தெரிந்தது. ஐ ரிலீஃப் 11 மி.மீ. என்று பிறகுதான் கவனித்தேன். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும். இப்போது 17 மி.மீ. உள்ள 8×42 வைத்திருக்கிறேன். ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டால் முழு ஏரியும் தெரிகிறது. ஒரு சந்தேகம்: குழலின் நடுப்பக்கம், கண்ணுக்கு ரொம்பத் தள்ளி ஸ்கோப் மாட்டிய துப்பாக்கிகளைப் படத்தில் பார்க்கிறேனே, அது எப்படி?

—

தம்பி, அது ஸ்கவுட் வகை. ஐ ரிலீஃப் 9, 10 அங்குலம் வரும், புருவத்துக்கு ஆபத்தே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் மவுசர் துப்பாக்கியில் மாட்டிய ஒன்றரை மடங்கு இசட்எஃப்41 அப்படித்தான் தள்ளி உட்காரும். ஆனால் தூரம் கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும். மங்கிய வெளிச்சத்தில், மரங்களுக்கு இடையில் மான் தேடுகிற எனக்கு அது ஒத்துவரவில்லை. நண்பருடையதை ஒரு நாள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.