மாச மாத்திரைச் செலவைக் குறைக்க என்ன வழி?

ஆத்துப்பாலம் (அம்பை):
அம்மாவுக்கு வயசு 63. சீட்டுல இருக்கிறது இவ்வளவு: சுகருக்கு கிளிமிபிரைடு 1 மி.கி. + மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். (மெதுவா கரையிறது) கூட்டு மாத்திரை ரெண்டு வேளை, வில்டாகிளிப்டின் 50 ரெண்டு வேளை, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 + அம்லோடிபின் 5, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10, தைராய்டுக்கு தைராக்சின் 50 மைக்ரோகிராம், வயித்து எரிச்சலுக்கு பான்டோபிரசோல் 40, ஒரு சத்து கேப்ஸ்யூல். மாசம் 3,000 ரூபாய் தாண்டுது. 15 சதவீதம் தள்ளுபடி தர்ற மெடிக்கலுக்கு மாறலாமா, இல்ல எல்லாத்தையும் மக்கள் மருந்தகத்துல (மத்திய அரசோட ஜன் ஔஷதி மலிவு மருந்துக் கடை) வாங்கலாமா? கம்பெனி மாத்தினா கெடுதல் வருமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சி, அக்காமார் சொல்லுங்க.

பாளை மருந்தாளுநர்:
தள்ளுபடிக்காகக் கடை மாறாதீங்க. அது எம்.ஆர்.பி.யில கழிக்கிற காசு. ஒரே மருந்துக்கு எம்.ஆர்.பி.யே கம்பெனிக்குக் கம்பெனி ரெண்டு மூணு மடங்கு மாறும். செலவு சீட்டுலயே முடிவாயிடுது, அதனால அங்கதான் கை வைக்கணும்.

டாக்டர்கிட்ட பிராண்டு பேருக்குப் பதிலா மருந்தோட பேரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. சீட்டுல ஒரு பிராண்டு இருந்தா, அதே மருந்தா இருந்தாலும் வேற பிராண்டைக் கடைக்காரர் தானா மாத்திக் கொடுக்க சட்டம் இடம் தராது. மருந்துப் பேரு இருந்தா மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு தொடங்கின முதல்வர் மருந்தகம், சாதாரண மெடிக்கல் எங்கயும் விலை குறைஞ்சதைக் கேட்டு வாங்கலாம். ‘ஜன் ஔஷதி சுகம்’ செயலியில மருந்துப் பேரைப் போட்டா விலையும், பக்கத்துல கடை எங்கன்னும் தெரியும். மத்த பிராண்டு விலைக்கு ‘பார்மா சஹி தாம்’ செயலியைப் பாருங்க. ஒப்பிடும்போது அட்டை விலையைப் பார்க்காதீங்க. ஒரு அட்டையில 10 இருக்கும், இன்னொண்ணுல 15 இருக்கும். 120 ரூபாய்க்கு 10 மாத்திரையை விட 165 ரூபாய்க்கு 15 மலிவு.

உங்க பட்டியல்ல பெரிய மிச்சம் வில்டாகிளிப்டின்லதான். அதோட காப்புரிமை 2019 டிசம்பர்ல முடிஞ்சுது. அப்புறம் நிறைய கம்பெனி இறங்கி விலை நல்லா சரிஞ்சுது. ஆனா சீட்டுல பழைய விலை உயர்ந்த பிராண்டு அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும், யாரும் கேக்கிறதில்ல.

தைராக்சினை மட்டும் மாசத்துக்கு ஒரு கம்பெனின்னு மாத்தாதீங்க. ஒண்ணுல நிலைச்சு நில்லுங்க. மாத்தியே ஆகணும்னா 6 முதல் 8 வாரம் கழிச்சு டி.எஸ்.எச்.ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கணும். அந்தப் பரிசோதனைக் காசே மிச்சத்தைத் தின்னுரும்.

பான்டோபிரசோலும் சத்து கேப்ஸ்யூலும் எத்தனை நாளைக்குன்னு கேளுங்க. முன்ன ஒரு தடவை வயிறு எரிஞ்சதுக்கு எழுதினது வருஷக்கணக்கா தொடர்றது சகஜம். நீங்களா நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரின் மாதிரி மருந்து சாப்பிடுறவங்களுக்கு பான்டோபிரசோல் தேவைப்படும். மெட்ஃபார்மின் நாள்பட சாப்பிட்டா பி12 வைட்டமின் குறையலாம். அப்படிக் குறைஞ்சிருந்தா தனி பி12 மாத்திரை போதுமான்னு கேளுங்க. பத்து சத்தைக் கலந்த கேப்ஸ்யூலை விட அது மலிவு.

கடையம் அக்கா:
அரசாங்கத்துல இலவசமா கிடைக்கிறதை ஏன் விடணும்? ஆரம்ப சுகாதார நிலையத்துல இல்லன்னா அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில தொற்றா நோய்ப் பிரிவு இருக்கு. ஆதார், பழைய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள் மூணையும் கொண்டு போய்ப் பதிஞ்சுக்கிடுங்க. சுகர், பிரஷர் மாத்திரையை மாசா மாசம் குடுக்காங்க. நடமாட முடியாதவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வருது. இது 2021 ஆகஸ்டுல இருந்து நடக்கு. அம்மா பேர்ல பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தா முக்கூடல்ல அவங்களுக்குன்னே மத்திய ஆஸ்பத்திரி உண்டு.

இதுல ஆபத்து ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில கிளிமிபிரைடைத் தனியா குடுப்பாங்க. வீட்டுல கிளிமிபிரைடு கலந்த கடை கூட்டு மாத்திரையும் இருக்கும். பேரு வேற வேறயா இருக்கேன்னு ரெண்டையும் போட்டா அளவு ரெட்டிப்பாகி சுகர் திடீர்னு இறங்கிரும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நினைவே தப்பும். பழைய சீட்டைக் காட்டி, எதை நிறுத்தணும்னு அந்த டாக்டரையே எழுத வச்சிருங்க. கூட்டு மாத்திரை மிச்சத்தை அப்பவே தனியா எடுத்து வச்சிருங்க.

ஆத்துப்பாலம் (அம்பை):
ரொம்ப நன்றி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். டெல்மிசார்டன் 80 + அம்லோடிபின் 10 இருக்கிற பிரஷர் மாத்திரையை வாங்கிப் பாதியா உடைச்சா மிச்சம் வரும்னு சொல்லுதாங்க, செய்யலாமா?

பாளை மருந்தாளுநர்:
அதைச் செய்யாதீங்க. அந்தக் கூட்டு மாத்திரை பல கம்பெனியில ரெண்டு அடுக்கா இருக்கும், உடைச்சா சமமா பிரியாது. டெல்மிசார்டன் காத்துல உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அதனால வாரத்துக்கு மொத்தமா பிரிச்சு டப்பாவுல போடாம, சாப்பிடும்போது அட்டையில இருந்து எடுங்க. எஸ்.ஆர். மாத்திரையை உடைச்சா மெதுவா கரைய வேண்டியது ஒரே நேரத்துல இறங்கிரும். பான்டோபிரசோலை உடைச்சா வயித்து அமிலத்துலயே கெட்டுப்போகும். உடைக்க ஏத்தது அடோர்வாஸ்டாடின் 20 தான். டாக்டர் சம்மதிச்சா மட்டும், கத்தி வேண்டாம், மாத்திரை வெட்டும் டப்பா வச்சு, ஒரு நேரத்துக்கு ஒண்ணு வெட்டுங்க.

அளவு ஒரே சீரா நிக்கிற வரைக்கும் மூணு மாச மாத்திரையை மொத்தமா வாங்காதீங்க. டாக்டர் அளவை மாத்தினா வெட்டின அட்டையைக் கடையில திருப்பி எடுக்கிறது கஷ்டம். ஒரு மாசத்துக்கு வாங்கிக்கிட்டு, மேல ஒரு வாரத்துக்குக் கையிருப்பு வச்சுக்கிடுங்க. மலிவுக் கடையில அன்னிக்கு ஒரு மருந்து இல்லன்னாலும் அம்மாவுக்கு வேளை தப்பாது.