கொலைகாரனே கதை சொல்லும் நாவல்: படித்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஜிம் தாம்சன் 1952இல் எழுதிய 'தி கில்லர் இன்சைட் மீ' படித்துக்கொண்டிருக்கிறேன். டெக்சாஸ் சிற்றூர் ஒன்றின் துணை ஷெரீஃப் லூ ஃபோர்டுதான் கொலைகாரன். கதை சொல்வதும் அவனே. அசடன்போல நடித்து, தேய்ந்த பழமொழிகளாகப் பேசியே எதிரில் இருப்பவரை வதைப்பான். அபாரமான குரல். ஆனால் அவனோடு உறவில் இருக்கும் ஜாய்ஸ் என்ற பெண்ணை அவன் அடிக்கும் இடத்துக்குமேல் என்னால் போக முடியவில்லை. எல்லாவற்றையும் அவன் கண்வழியே மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. பட்ரிசியா ஹைஸ்மித்தின் 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' நாவலின் நாயகன் ரிப்ளியும் கொலைகாரன்தான், ஆனால் அந்தக் கதை படர்க்கையில் சொல்லப்படுவதால் மூச்சுவிட இடம் இருந்தது.

முழுக்கப் படித்தவர்கள், முடிவை உடைக்காமல் சொல்லுங்கள்: இதைத் தொடரலாமா? நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? அப்புறம், கொலைகாரன் பேசினாலும் செத்தவர்களை மறக்கவிடாத நாவல்கள் தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ இருந்தால் பெயர் கொடுங்கள்.