அரக்குப் புடவை செக்கச்செவேல்னு ஆன கதை: கம்மி பட்ஜெட்ல எடிட்டிங் மானிட்டர் வாங்கின அனுபவங்கள்

திண்டுக்கல் கல்யாண எடிட்டர்:

11 வருஷமா கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். எடியஸ்ங்கிற எடிட்டிங் சாப்ட்வேர்ல ஆரம்பிச்சேன், இப்ப டாவின்சி ரிசால்வ்ல ஓடுது. மானிட்டர் வாங்கணும்னு கேக்குற தம்பிங்க எல்லாரும் எத்தனை இன்ச், எத்தனை ஹெர்ட்ஸ், 4கே கிடைக்குமான்னுதான் ஆரம்பிக்கிறாங்க, கலரைப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்குறதில்ல, அதனால எனக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன்.

முதல்ல இருந்தது 22 இன்ச் டிஎன் பேனல், அதாவது மலிவு வகை ஸ்கிரீன், விஏ, ஐபிஎஸ்னு வேற வகையும் உண்டு. சிபியு வாங்கும்போது கூடவே வந்தது, அதுலயே மூணு நாலு வருஷம் ஓட்டினேன். ஒரு முகூர்த்த வீடியோ வந்துச்சு. பொண்ணு கட்டியிருந்தது அரக்கு கலர் கூரைப்புடவை, கெட்டி ஜரிகை. என் ஸ்கிரீன்ல அது காஞ்சு போன செங்கல் மாதிரி மங்கித் தெரிஞ்சுது. கேமராமேன் வைட் பேலன்ஸ்ல கோட்டை விட்டுட்டார் போலன்னு நெனச்சு சிவப்பைத் தூக்கினேன், பத்தலன்னு சாச்சுரேஷனையும் ஏத்தினேன், ஜரிகை பளபளன்னு வரட்டும்னு மஞ்சள் பக்கமும் கொஞ்சம் தள்ளினேன். திருப்தியா இருந்துச்சு. பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு பொண்ணோட அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, காஞ்சிபுரத்துல நாலு கடை ஏறி இறங்கி அரக்குன்னு பாத்துப் பாத்து எடுத்த புடவை, வீடியோல செக்கச்செவேல்னு இருக்கு, வேற புடவை கட்டுன மாதிரி இருக்குப்பா"ன்னாங்க. கோவமா சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன், அவங்க வருத்தமா சொன்னாங்க. நேர்ல போனேன். அவங்க வீட்டு 43 இன்ச் டிவில ஓடவிட்டா, புடவை ரத்தச் சிவப்பு, நலங்கு வச்ச முகம் எல்லாம் ஆரஞ்சு, மாப்பிள்ளையோட பட்டு வேட்டி ஓரத்துல மஞ்சள் கறை படிஞ்ச மாதிரி. மூணு மணி நேர வீடியோ, மொத்தத்தையும் திரும்ப கிரேடு பண்ணி, அதாவது கலர் திருத்திக் குடுத்தேன், பணம் எதுவும் வாங்கல.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். என் மானிட்டர் ஸ்பெக்ல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்துச்சு. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி எல்லாம் ஸ்கிரீன் எவ்ளோ கலர் காட்டும்னு அளக்குற எல்லைங்க. அதாவது எஸ்ஆர்ஜிபில கிட்டத்தட்ட அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் அதால காட்ட முடியும், அழுத்தமான சிவப்பே அதுக்கு வராது. கேமராமேன் சரியாத்தான் எடுத்திருக்கார், ஸ்கிரீன்தான் காட்டல, இல்லாத குறையை நான் சரி பண்ணப் போயிருக்கேன். எச்டி வீடியோவுக்கான கலர் அளவு ரெக் 709ன்னு சொல்வாங்க, அதோட சிவப்பு பச்சை நீலம் மூணும் எஸ்ஆர்ஜிபியோடதுதான், ரெண்டுக்கும் ஒரே எல்லை. அதனால எச்டி வேலைக்கு 100 சதவீத எஸ்ஆர்ஜிபி இருந்தாலே போதும், அதுக்கு மேல உள்ள வைட் காமட்டுக்கு (இன்னும் அகலமான கலர் எல்லைக்கு) நம்ம பட்ஜெட்ல காசு கொட்ட வேண்டியதில்ல. ஸ்பெக்ல எஸ்ஆர்ஜிபி போடாம 72 சதவீதம் என்டிஎஸ்சின்னு இருந்தா அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான், பயப்படாம பாக்கலாம். 45ன்னு இருந்தா எவ்ளோ மலிவா குடுத்தாலும் வேணாம்.

டிஎன் பேனல்ல இன்னொரு கொடுமை, சேர்ல சாஞ்சு உக்காந்தா ஒரு கலர், நிமிந்தா ஒரு கலர். ஸ்கிரீன் முழுக்க ஒரே சாம்பல் கலரைப் போட்டுப் பாருங்க, மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி தெரியும். அந்தப் பேனல்ல முகத்துக்கு கலர் பாக்கவே முடியாது.

அடுத்த மானிட்டருக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். இந்தத் தடவ கையில ரெண்டு பொருள். ஒண்ணு பென்டிரைவ். இன்னொண்ணு என் மனைவியோட கல்யாணப் புடவைல மிஞ்சின ரவிக்கைத் துண்டு, அதுவும் அரக்குதான். அந்தத் துண்டை மொட்டை மாடில பகல் வெளிச்சத்துல வைட் பேலன்ஸ் ஒழுங்கா வச்சு நானே ஒரு நிமிஷம் ஷூட் பண்ணி பென்டிரைவ்ல போட்டிருந்தேன். கடைல அந்த கிளிப்பை ஓடவிட்டு, துண்டை ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சுப் பாத்தேன். கடைத் தம்பி 27 இன்ச் வளைஞ்ச விஏ பேனல், 144 ஹெர்ட்ஸ், இதே விலைதான் சார்னு காட்டுனாரு. கறுப்பு நல்லா ஆழமாத்தான் இருந்துச்சு, விஏல கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம்) 3000க்கு 1னு வரும், ஓரமா பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத ஐபிஎஸ்ல 1000க்கு 1தான். ஆனா கொஞ்சம் ஓரமா நின்னு பாத்தா துண்டு ஒரு கலர், ஸ்கிரீன் ஒரு கலர், நேரா நின்னு பாத்தா தலைமுடி எல்லாம் ஒரே கறுப்பா அப்பிப்போய் இழை தெரியல. நாம ஓட்டுறது செகண்டுக்கு 25 பிரேம் வீடியோ, செகண்டுக்கு 144 தடவ ஸ்கிரீனைப் புதுப்பிக்கிற 144 ஹெர்ட்ஸ வச்சு என்ன பண்றது.

கடைசில எடுத்தது ஆசஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி. 24.1 இன்ச், ஐபிஎஸ், 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1920க்கு 1200ங்கிற அளவு. சாதா புல் எச்டி மானிட்டரவிட உயரத்துல 120 பிக்சல் கூட, டைம்லைன்ல ரெண்டு டிராக் சேத்துத் தெரியும். நாள் முழுக்க உக்காந்து கட் பண்றவங்களுக்குத்தான் அந்த ரெண்டு டிராக்கோட அருமை தெரியும்.

வீட்டுல வந்து எச்டிஎம்ஐ கேபிள்ல மாட்டினா மனசே விட்டுப் போச்சு. மாப்பிள்ளையோட கறுப்பு கோட் சாம்பல் பூத்த மாதிரி, எல்லாமே வெளிறிப்போய். திருப்பிக் குடுத்துடலாம்னு பாக்ஸ்ல வச்சு டேப்பே ஒட்டிட்டேன். அப்புறம் கூட வேலை பாக்குற ஒருத்தர்தான் சொன்னாரு, கிராபிக்ஸ் கார்டு இதை டிவின்னு நெனச்சுக்கிட்டு 16லேர்ந்து 235 வரைக்கும்தான் சிக்னல் அனுப்புது, மானிட்டர் 0லேர்ந்து 255 வரைக்கும் எதிர்பாக்குது, அதான் வெளிறுதுன்னு. கார்டு செட்டிங்ல டைனமிக் ரேஞ்சை லிமிடெட்லேர்ந்து ஃபுல்லுக்கு மாத்தினேன், கோட் கறுப்பாயிடுச்சு. மானிட்டர் மேல ஒரு தப்பும் இல்ல. புது மானிட்டர் வெளிறித் தெரிஞ்சா முதல்ல இதைப் பாருங்க.

கோவை சமையல் வீடியோ:

அண்ணா, எனக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனா சாம்பார்ல. வீட்டுல 43 இன்ச் 4கே டிவி சும்மா இருந்துச்சு, மானிட்டருக்கு எதுக்கு தனியா செலவுன்னு அதையே லேப்டாப்ல மாட்டி ஒரு வருஷம் எடிட் பண்ணேன். டிவி தானாவே ஷார்ப்னஸ் ஏத்தும், கலர் ஏத்தும், இடையில இல்லாத பிரேமையும் சேத்து வழுவழுன்னு காட்டும். என் டிவில சாம்பார் அவ்ளோ அழகா இருக்கும், போன்ல பாத்தவங்க "என்னங்க தண்ணியா வெளுத்து இருக்கு, மிளகாத்தூள் போட்டீங்களா"ன்னு கேப்பாங்க. சிவப்பு எழுத்துல தலைப்பு போட்டா ஓரம் எல்லாம் கரைஞ்சு தெரியும், அது டிவி கலர் விவரத்தைக் குறைச்சு வாங்குறதாலயாம், அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பேரை பிசின்னு மாத்தி, பிக்சர் மோடையும் மாத்தினப்புறம் எழுத்து தெளிவாச்சு. டிவிதான் இருக்குன்னா இதையாவது பண்ணுங்க. அப்புறமும் ரெண்டடி தூரத்துல 43 இன்ச் பாத்து கழுத்துதான் போச்சு.

இப்ப வச்சிருக்கிறது 27 இன்ச் ஐபிஎஸ், 2560க்கு 1440. என்னைக் கேட்டா புல் எச்டி வீடியோ எடிட்டிங்குக்கு இதுதான் சரியான அளவு. ஏன்னா 1920க்கு 1080 பிரிவியூவ சுருக்காம முழு அளவுல வச்சாலும் பக்கத்துல 640 பிக்சல், கீழ 360 பிக்சல் மிஞ்சும், அதுல டைம்லைனும் பைல் எல்லாமும் அடங்கிடும். போகஸ் சரியா விழுந்துச்சா இல்லையான்னு, கடுகு வெடிக்கிற ஷாட்ல, ஜூம் பண்ணாமலே தெரியுது. முன்னாடி எல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி போட்டப்புறம்தான் சாப்ட்டா இருக்கிறதே கண்ணுல படும்.

27 இன்ச்ல வெறும் புல் எச்டி மட்டும் வாங்காதீங்க, ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்து பல்லு பல்லா தெரியும். 24 இன்ச்னா 92, அது பரவாயில்ல. எனக்கு இந்த 1440ல 109 வருது.

மதுரை குறும்பட பையன்:

எல்லாரும் நல்லா வாங்குனதைச் சொல்றீங்க, நான் ஏமாந்ததைச் சொல்றேன். செகண்ட் ஹேண்ட்ல 28 இன்ச் 4கே மானிட்டர், விலை ரொம்பக் கம்மின்னு உடனே தூக்கிட்டேன். மாட்டினா மவுஸ் இழுத்து இழுத்து வருது, பசை தடவின மாதிரி. சிஸ்டம் ஸ்லோன்னு நெனச்சு ரேம் வேற போட்டேன், மாறல. என் பழைய கிராபிக்ஸ் கார்டுல எச்டிஎம்ஐ 1.4தான், அதுல 4கே 30 ஹெர்ட்ஸ்க்கு மேல போகாது. 60 வேணும்னா எச்டிஎம்ஐ 2.0 இல்லன்னா டிஸ்ப்ளேபோர்ட் 1.2 ரெண்டு பக்கமும் இருக்கணும். கார்டுல டிஸ்ப்ளேபோர்ட் இருந்துச்சு, கேபிள் வாங்கி மாட்டினதும் சரியாச்சு, ரேமுக்குப் போட்ட காசு போனதுதான். மானிட்டரும் டிஎன் பேனல்தான்னு அதுக்கப்புறம்தான் பாத்தேன், 4கேன்னா பேனலும் நல்லாத்தான் இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

4கேல ஷூட் பண்ணா 4கே மானிட்டர் கட்டாயம்னு நெனைக்கிற நண்பர்களே, தேவையே இல்ல. நான் இப்ப 4கே புட்டேஜுக்கு சின்ன பிராக்ஸி பைல் (எடிட்டுக்கு மட்டும் அளவு குறைச்ச நகல்) போட்டு புல் எச்டி ஐபிஎஸ்லதான் கட் பண்றேன், கடைசில எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினல்ல போகுது. மிஞ்சின காசுல எஸ்எஸ்டி வாங்கினேன், அது குடுத்த நிம்மதிய அந்த 28 இன்ச் குடுக்கல.

திண்டுக்கல் அண்ணனுக்கு ஒரு கேள்வி, கேமராவ பக்கவாட்டுல திருப்புற பேன் ஷாட் எல்லாம் எனக்கு வெட்டி வெட்டிப் போகுது, கேமரால ஒண்ணும் இல்ல, இது மானிட்டரா?

திண்டுக்கல் கல்யாண எடிட்டர்:

தம்பி, நீங்க எடுக்குறது 25 பிரேம்னா மானிட்டர்தான். 60 ஹெர்ட்ஸ்ல 25 சரியா வகுபடாது, சில பிரேம் ரெண்டு தடவ, சில பிரேம் மூணு தடவன்னு ஒழுங்கில்லாமக் காட்டும், அதான் பேன்ல தத்துது. என்னோடதுல 75 ஹெர்ட்ஸ் இருக்கு, அதை வச்சா ஒவ்வொரு பிரேமும் சரியா மூணு தடவ, ஊர்வல ஷாட் எல்லாம் தண்ணி மாதிரி ஓடுது. உங்க மானிட்டர்ல 50 ஹெர்ட்ஸ் ஆப்ஷன் இருந்தா அதுவும் சரிதான். நானும் ஒரு தடவ ஜிம்பல் (கேமரா ஆடாம பிடிக்கிற கருவி) ஆளை இதுக்காகத் திட்டியிருக்கேன், பாவம் அவரு மேல தப்பே இல்ல.

அப்புறம் எழுத மறந்தது, பிரைட்னஸ். பேக்டரிலேர்ந்து பெரும்பாலும் ஜாஸ்தியா வச்சுத்தான் வரும், அதுல எடிட் பண்ணா எல்லாம் வெளிச்சமா இருக்குன்னு நெனச்சு நாம இருட்டாக்கிடுவோம், கஸ்டமர் வீட்டு டிவில மண்டபமே இருண்டு கிடக்கும். 100லேர்ந்து 120 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு) போதும். மீட்டர் இல்லன்னா ஸ்கிரீன்ல வெள்ளைப் பக்கத்தைத் தொறந்துட்டு, பக்கத்துல ஒரு ஏ4 பேப்பரைப் பிடிங்க, பேப்பர்தான் இருட்டா தெரிஞ்சா ஸ்கிரீன் ஜாஸ்தி, ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் குறைச்சுக்கிட்டே வாங்க. ரூம்ல மஞ்சள் பல்பு வேணாம், சாதாரண கூல் டேலைட் டியூப் 6500 கெல்வின்தான், வீடியோவோட வெள்ளையும் அதே அளவுதான், அதை ஸ்கிரீன்ல நேரா அடிக்காம பின்னாடி சுவத்துல விழுற மாதிரி வச்சுக்கோங்க.

எடிட்டிங் சாப்ட்வேர்ல கலரையும் வெளிச்சத்தையும் கிராஃபா காட்டுற ஸ்கோப்பைப் பாக்கப் பழகுங்க. மானிட்டர் பொய் சொன்னாலும் ஸ்கோப் பொய் சொல்லாது. அதுல கலரைக் காட்டுற வெக்டர்ஸ்கோப்ல தோல் நிறத்துக்குன்னு ஒரு கோடு இருக்கு, எந்த நிறத்து ஆளா இருந்தாலும் முகம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். நலங்கு மஞ்சள் பூசின ஷாட்ல அது மஞ்சள் பக்கம் சாயும், அது நியாயம், அதைப் போய் இழுத்துக் கோட்டுல வச்சா மஞ்சளே இல்லாமப் போயிடும். முகூர்த்த ஷாட்ல மட்டும் கோட்டைப் பாருங்க.

நத்தம் பக்கம் புது ஆள்:

அண்ணே, இவ்ளோ நாள் லேப்டாப் ஸ்கிரீன்லயே ஓட்டிட்டேன். கையில 8 ஆயிரம்தான் இருக்கு. நீங்க சொன்ன மாடல் எல்லாம் எட்டாது. வேற வழி இருக்கா?

திண்டுக்கல் கல்யாண எடிட்டர்:

இருக்கு தம்பி. ஐடி கம்பெனிங்க மாத்தும்போது வெளிய வர்ற பழைய ஆபீஸ் மானிட்டர்ல தேடுங்க. டெல் அல்ட்ராஷார்ப் யு2412எம்னு ஒண்ணு, 2011ல வந்தது, 24 இன்ச், 1920க்கு 1200, ஐபிஎஸ். எங்க பக்கத்து ஸ்டூடியோல ரெண்டு இன்னும் ஓடுது. பழசு வாங்கும்போது இருட்டான இடத்துல வச்சு முழு வெள்ளை போடுங்க, ஓரம் மஞ்சளடிச்சிருந்தா வேணாம். அப்புறம் முழு கறுப்பு போட்டு மினுக்குற புள்ளி இருக்கான்னு பாருங்க, ஓரத்துல ஒண்ணு இருந்தா பரவாயில்ல, நடுவுல இருந்தா தினமும் அங்கதான் கண்ணு போகும். விஜிஏ கேபிள்ல மாட்டிக் காட்டினா ஒத்துக்காதீங்க, அதுல எழுத்து மங்கும், டிவிஐ இல்லன்னா டிஸ்ப்ளேபோர்ட்ல போடச் சொல்லுங்க.

நத்தம் பக்கம் புது ஆள்:

ரொம்ப நன்றிண்ணே. சனிக்கிழமை போறேன். அம்மாகிட்ட ரவிக்கைத் துண்டு கேட்டேன், அரக்கு இல்லையாம், மயில்கழுத்துக் கலர்தான் இருக்காம். அது போதுமா?

திண்டுக்கல் கல்யாண எடிட்டர்:

அது வேணாம் தம்பி. மயில்கழுத்து ஊடும் பாவும் ரெண்டு கலர்ல நெய்யுறது, துணியத் திருப்பினாலே கலர் மாறும், அப்புறம் மாறுறது துணியா ஸ்கிரீனான்னே தெரியாது. ஒத்தக் கலர்ல பட்டோ காட்டனோ எதுவா இருந்தாலும் சரி, பளபளப்பு கம்மியா பாத்து எடுத்துக்கோங்க. பகல்ல வெளிச்சம் சரியா விழுற இடமா பாத்து ஷூட் பண்ணிடுங்க, சாயங்காலம் எடுத்தா எல்லாமே மஞ்சளா வரும்.