பந்துக்குள்ள ஃபோர்ஸ் இருக்கா? பசங்களுக்கு விசை பாடம் நடத்தப் போய் மாட்டுன அனுபவம் இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எஞ்சினியரிங் படிச்சவன், எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு விசை பாடம் சொல்லிக்குடுக்க முடியாதான்னு தெனாவட்டா உக்காந்தேன். மேல தூக்கிப் போட்ட பந்து பாதி உயரத்துல போயிட்டு இருக்கு, அது மேல செயல்படுற விசையை அம்புக்குறி போட்டு காட்டணும், இதான் கேள்வி. அவ மேல் பக்கமா பெருசா ஒரு அம்பு, கீழ் பக்கமா சின்னதா ஒரு அம்பு போட்டா, நானும் பாத்துட்டு டிக் வேற போட்டுட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது, கையை விட்டுப் போன பந்தை மேல தள்ளிக்கிட்டே இருக்குறது யாருடா? காத்தோட எதிர்ப்பை விட்டுட்டா இருக்குறது புவியீர்ப்பு ஒண்ணுதான், அதுவும் கீழ் பக்கமா.

காலையில சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்குறா. "அப்புறம் எப்படிப்பா மேல போகுது, நான் குடுத்த ஃபோர்ஸ் பந்துக்குள்ள இருக்கும்ல?" அவளைச் சொல்லிக் குத்தமில்ல, நாம பேசுறதே அப்படித்தானே. தண்ணி ஃபோர்ஸா வருதுங்குறோம், பந்து ஃபோர்ஸா வந்து அடிச்சுதுங்குறோம், வேகம் அழுத்தம் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. பாடத்துல வர்ற விசை பொருளுக்குள்ள போட்டு வைக்கிற சரக்கு இல்ல, ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளுறதோ இழுக்குறதோதான். கை விட்டதும் கையோட விசை அதோட சரி, பந்துகிட்ட இருக்குறது வேகம் மட்டும், அதையும் புவியீர்ப்பு ஒவ்வொரு செகண்டும் செகண்டுக்கு 9.8 மீட்டர் அளவு குறைச்சுக்கிட்டே வருது. 14ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல இருந்த ஜான் புரிடான்னு பெரிய அறிஞர், அவரும் எறியுற கை பொருளுக்குள்ள ஏதோ ஒண்ணை ஏத்தி விடுது, அதுதான் அதை ஓட வைக்குதுன்னுதான் சொன்னார், அதுக்கு இம்பீட்டஸ்னு பேரு. இதைச் சொன்னதும் என் பொண்ணு முகத்துல ஒரு பெருமை பாக்கணுமே!

---

அண்ணா, நான் ஏழாவது எட்டாவதுக்கு சயின்ஸ் எடுக்குறேன், அந்த மேல் அம்பு இல்லாத பேப்பரை எண்ணிடலாம் போல. ஆனா என்னை நிஜமா மடக்குனது நியூட்டனோட மூணாவது விதிதான், அதாவது ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளுனாலோ இழுத்தாலோ அதுவும் அதே அளவு எதிர்ப்பக்கமா திருப்பிச் செய்யும்ங்குறது. ஒரு பையன் எந்திரிச்சு "மிஸ், குதிரை வண்டியை இழுக்குற அளவுக்கே வண்டியும் குதிரையை இழுக்குதுன்னா ரெண்டும் கேன்சல் ஆயிடுமே, வண்டி எப்படி நகருது?"ன்னு கேட்டான். நான் அடுத்த பீரியட்ல சொல்றேன்னு தப்பிச்சேன் (பொய் சொல்லல, பெல் அடிச்சிருச்சு).

மறுநாள் ரெண்டு சக்கர நாற்காலி, அதாங்க ஆபீஸ்ல உருளுமே அது, ஒரு கயிறு. ஒண்ணுல நான், ஒண்ணுல அவன், காலைத் தரையில வைக்கக்கூடாது. அவன் மட்டும் இழுக்கணும், நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். இழுத்தான், ரெண்டு பேருமே நகர்ந்தோம், அவன்தான் அதிகமா நகர்ந்தான், ஏன்னா என் நிறை அதிகம் (கிளாஸே சிரிச்சுது, பரவால்ல). அப்போ கேட்டேன், உன் மேல இருக்குற இழுப்பும் என் மேல இருக்குற இழுப்பும் சமம், ஆனா ஒண்ணு உன் மேல ஒண்ணு என் மேல, வேற வேற ஆள் மேல இருக்குறது எப்படி கேன்சல் ஆகும்? வண்டி நகருமான்னு பாக்க வண்டி மேல இருக்குற விசையை மட்டும் பாரு, குதிரை இழுக்குறது உராய்வை ஜெயிச்சா வண்டி கிளம்பிரும். குதிரை முன்னாடி போறதுக்குக் காரணம் அது காலால தரையைப் பின்னாடி தள்ளுது, தரை அதை முன்னாடி தள்ளுது. அடுத்த கேள்வி உடனே வந்துச்சு, "அப்போ வழுக்குற தரையில குதிரையை விட்டா?" பாதி பாடம் அவனே நடத்திட்டான்.

---

எடை மெஷினை லிஃப்ட்டுக்குள்ள கொண்டு போங்க, முள் ஓடுற பழைய டைப்தான் வேணும். என் பையனை ஏத்தி விட்டு முள்ளைப் பாக்கச் சொன்னேன். நிக்கும்போது 40. மேல கிளம்பும்போது முள் 43 பக்கம் எகிறுச்சு, நிக்கப் போகும்போது 37க்கு இறங்குச்சு. இது அவன் எதிர்பாத்ததுதான். நடுவுல லிஃப்ட் ஒரே வேகத்துல ஓடும்போது மறுபடி சரியா 40, அதுதான் அவனுக்குப் பிடிபடல, "மேல போயிட்டுதான இருக்கோம், கூட காட்டணும்ல?"னு மூணு தடவை போக வச்சான். ஒரே வேகத்துல போறதுக்கு மிச்ச விசை தேவையே இல்ல, வேகம் மாறுறதுக்குத்தான் தேவைன்னு நான் வாயால சொன்னப்பல்லாம் ஏறல, முள் சொன்னதும் ஏறிடுச்சு. கூட வந்தவங்க ஒரு மாதிரி பாத்தாங்க, அதை விடுங்க.

---

எங்க கதை சின்னது. 1971ல அப்போலோ 15ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒண்ணா விட்டு ரெண்டும் ஒண்ணா விழுற வீடியோவைப் போட்டுக் காட்டுனேன். தங்கச்சி பையன் அசரவே இல்ல, "அங்கதான் கிராவிட்டி கிடையாதே மாமா"ன்னான். அப்புறம் ஏன்டா கீழ விழுதுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்கு இருக்கு, இல்லாதது காத்துதான்னு அப்புறம் உக்காந்து பேசுனோம்.

---

ஆரம்பிச்சவன்தான் மறுபடி வந்திருக்கேன். லிஃப்ட் விஷயம் செஞ்சாச்சு, நன்றி. இப்போ வீட்ல யாரும் "தண்ணி ஃபோர்ஸா வருது"ன்னு சொல்ல முடியல, பொண்ணு திருத்துறா. நேத்து அவளை மடக்கலாம்னு கேட்டேன், பந்து உச்சிக்குப் போனதும் ஒரு கணம் வேகம் ஜீரோ, அப்போ விசையும் ஜீரோதான? பந்தை ரெண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடிச்சா. "ஜீரோன்னா அது அங்கேயே நின்னுருக்கணுமேப்பா."