ஸ்டேட்டஸ் போனால் லைசென்ஸும் போச்சா?

அமெரிக்காவில் தங்கும் அனுமதிக்கு (அதுதான் ஸ்டேட்டஸ்) எக்ஸ்டென்ஷன் மறுத்துவிட்டார்கள், எதுவரை தங்கலாம் என்று குறிக்கும் ஐ-94 பதிவின் தேதியோடு கார் லைசென்ஸும் காலாவதி, இனி காரைத் தொடவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாநிலம் என்று மட்டும் சொல்லவில்லையே! எல்லாம் அதில்தான் இருக்கிறது.

லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. ஸ்டேட்டஸ் பார்க்காமல் கொடுக்கும் வழக்கம் வாஷிங்டன் மாநிலத்தில் 1993-லேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ஏபி 60 சட்டம் 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கில் 2019 டிசம்பர், நியூஜெர்சியில் 2021 மே. மாசசூசெட்ஸில் ஆளுநர் வீட்டோ செய்தார், சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது, 2022 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்புக்குப் போனது, அவர்களும் சரி என்றார்கள். 2023 ஜூலை முதல் கொடுக்கிறார்கள். டெக்சாஸ், ஜார்ஜியா, பென்சில்வேனியாவில் இந்த வழி கிடையாது. நியூஜெர்சியில் இருந்துகொண்டு வாடகை குறைவென்று பாலம் தாண்டி பென்சில்வேனியாவுக்குக் குடிபோக நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியில் கிடைப்பது ஸ்டாண்டர்ட் லைசென்ஸ். ‘ரியல் ஐடி அல்ல’, அதாவது மத்திய அரசின் அடையாள அட்டை விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற குறிப்பு அதில் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், குடிமக்களில் எத்தனையோ பேர் அதே கார்டைத்தான் வைத்திருக்கிறார்கள். 2025 மே 7-க்குப் பிறகு விமான நிலையத்தில் அது மட்டும் போதாது. பாஸ்போர்ட் காட்டலாம்தான், ஆனால் ஸ்டேட்டஸ் இல்லாதபோது விமானம் ஏறலாமா என்பதையே முதலில் வக்கீலிடம் கேளுங்கள். கனெக்டிகட் போன்ற இடங்களில் ‘ஓட்டுவதற்கு மட்டும்’ என்று தனியாகக் குறித்தே தருகிறார்கள். அந்த மாதிரி கார்டுகள் சில ஃப்ளோரிடாவில் 2023 முதல் செல்லாது. டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்வதுதான் நிஜமான ஆபத்து. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா என்றும் கேட்பார்கள். ஏதோ ஃபார்மாலிட்டி என்று ‘ஆம்’ போட்டு, குடிமகன் என்ற கட்டத்திலும் டிக் அடித்தால் தொலைந்தது. குடிமகன் என்று பொய் சொன்னதாகப் பதிவானால் பிற்பாடு கிரீன் கார்டுக்கே அது முட்டுக்கட்டை; மன்னிப்புக்கு அநேகமாக வழியே இல்லை. ஸ்டேட்டஸ் சரியாக இருப்பவர்களும் இதில் மாட்டலாம். பின்னால் நிற்பவர் முனகட்டும், நீங்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், இந்தக் கார்டு கார் ஓட்டத்தான். ஸ்டேட்டஸ் சிக்கல் அப்படியேதான் இருக்கும். அதற்கு இமிகிரேஷன் வக்கீலை இந்த வாரமே பாருங்கள். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கினால் தூதரகத்தில் புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள், லைசென்ஸ் கவுண்டரில் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான். மாநிலத்தைச் சொல்லுங்கள், மற்ற பேப்பர்களைப் பார்ப்போம்.